கறுப்புப் பூச்சை உரிப்பதற்கு முன்பு...

பழைய பொருள் ஒன்று கைக்கு வந்ததும், அதைப் புதிதுபோல ஆக்கிவிட வேண்டும் என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குகிறோம். பாட்டன் காலத்துக் கட்டிலுக்கு வார்னிஷ் பூசுகிறோம். இவை பெரும்பாலும் தீங்கற்ற பழக்கங்களே. ஆனால், எல்லாப் பழம்பொருள்களும் இந்த ஆர்வத்தைத் தாங்கிக்கொள்வதில்லை. சிலவற்றில் நாம் அழுக்கு என்று நினைத்து அகற்றுவது, அப்பொருளைச் செய்தவர் அதன்மீது இட்ட காப்பாகவே இருந்துவிடுகிறது.

தச்சரின் இரும்பு இழைப்புளி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மரத்தின் மேற்பரப்பைச் சீவிச் சமன்படுத்தும் இக்கருவியின் வார்ப்பிரும்பு உடலில், உட்புறம் முழுவதும் பளபளப்பான கறுப்புப் பூச்சு இருக்கும். நூறாண்டு பழைமையான இழைப்புளிகளில் இப்பூச்சு ஆங்காங்கே உதிர்ந்து, துரு எட்டிப் பார்க்கும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இத்தகைய கருவிகளைப் பழைய பொருள் சந்தைகளில் வாங்கிச் சீர்செய்து பயன்படுத்துவோர் ஏராளம். அவர்களில் பலர் முதலில் கையில் எடுப்பது கம்பித் தூரிகையையோ, பெயிண்ட் நீக்கும் ரசாயனத்தையோதான். அந்தக் கறுப்புப் பூச்சு என்ன, அதை எப்போது உரிக்கலாம், உரித்தால் எப்படித் திரும்பப் பூசுவது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த வேலையில் இறங்குவது கருவிக்கும் நல்லதல்ல, அதைச் செய்பவரின் உடலுக்கும் நல்லதல்ல.

மரத்திலிருந்து இரும்புக்கு

பல நூற்றாண்டுகளாக இழைப்புளியின் உடல் மரத்தால்தான் ஆனது. அதன் நடுவே பொருத்தப்பட்ட அலகை மரச் சுத்தியால் தட்டித் தட்டித்தான் ஏற்றி இறக்க வேண்டும். இந்த நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த லியனார்டு பெய்லி. திருகு ஒன்றைச் சுழற்றியே அலகின் ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் அமைப்புகளுக்கு 1850-களிலும் 1860-களிலும் அவர் காப்புரிமைகள் பெற்றார். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில் இயங்கிய ஸ்டான்லி ரூல் அண்டு லெவல் நிறுவனம், 1869-இல் அவருடைய தொழிலை வாங்கியது. அதன்பிறகு உலகெங்கும் பரவிய இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை பெய்லியின் வடிவமைப்பைப் பின்பற்றியவையே.

வார்ப்பிரும்புக்கு இரண்டு குறைகள் உண்டு. அச்சிலிருந்து எடுக்கும்போது அதன் மேற்பரப்பு மணல் பதிந்ததுபோல் சொரசொரப்பாக இருக்கும். காற்றிலுள்ள ஈரமும் கைவியர்வையும் பட்டால் விரைவில் துருப்பிடிக்கும். இழைப்புளியின் அடித்தளத்தையும் பக்கவாட்டுச் சுவர்களையும் ஆலையிலேயே கடைந்து வழவழப்பாக்கிவிடுவார்கள். அவை மரத்தோடு உராய்பவை என்பதால் அங்கு எந்தப் பூச்சும் நிற்காது. எண்ணெயோ மெழுகோ தடவித்தான் காக்க வேண்டும். கடைசல் பிடிக்க முடியாத உட்புறத்தைக் காப்பதற்காகவே கறுப்புப் பூச்சு இடப்பட்டது. சொரசொரப்பை மறைத்து அழகூட்டியதும், துருவைத் தடுத்ததும் அந்த ஒரே பூச்சுதான்.

பெயரில் மட்டும் ஜப்பான்

இப்பூச்சு முறையை ஆங்கிலத்தில் 'ஜப்பானிங்' என்று அழைக்கிறார்கள். சீனச்சட்டி, சீனப்பட்டு என்று நாம் ஒரு நாட்டின் பெயரைப் பொருளுக்குச் சூட்டியதைப் போன்றதே இதுவும். 17-ஆம் நூற்றாண்டில் ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய மரப்பேழைகளின் கண்ணாடி போன்ற கறுப்பு மினுமினுப்பு அங்குள்ள செல்வந்தர்களைக் கவர்ந்தது. 'உருஷி' என்ற மரத்தின் பாலைப் பலமுறை பூசி உலர்த்திப் பெறும் மினுமினுப்பு அது. அந்த மரம் ஐரோப்பாவில் இல்லை; அதன் பால் கடல்வழியே கெடாமல் வந்து சேர்வதும் கடினம். எனவே, கையில் கிடைத்த பொருள்களைக் கொண்டு அதைப்போலச் செய்ய முயன்றார்கள். இங்கிலாந்தில் ஸ்டாக்கர், பார்க்கர் ஆகிய இருவர் எழுதி 1688-இல் வெளியான நூல், இந்தப் போலச்செய்தலுக்கான கையேடாக அமைந்தது. அன்றைய கலவைகளில் முக்கியமான பொருள் அரக்கு. அது இந்தியாவிலிருந்து சென்றது. ஜப்பானியக் கலையை ஐரோப்பியர் பின்பற்ற இந்தியப் பூச்சியின் பிசின் உதவியது என்பது வணிக வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

மரத்துக்கு அரக்கு பொருந்தியது. உலோகத்துக்கு வேறு கலவை தேவைப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வேல்ஸ் பகுதியின் பாண்டிபூல் நகரில் ஆல்குட் குடும்பத்தினர் தகரத் தட்டுகளின்மேல் எண்ணெய்க் கலவையைப் பூசி, சூளையில் வைத்துச் சுட்டு உறுதிப்படுத்தும் முறையை வளர்த்தெடுத்தனர். பர்மிங்காம் வட்டாரத்தில் இத்தொழில் பெருகியது. அச்சுக்கலையில் தம் பெயரால் வழங்கும் எழுத்துருவைப் படைத்த ஜான் பாஸ்கர்வில், அந்நகரில் முதலில் பொருளீட்டியது ஜப்பானிங் தொழிலில்தான்.

பின்னர் இப்பூச்சு ஆலைப் பொருள்கள் பலவற்றுக்கும் பரவியது. நம் வீடுகளில் தலைமுறைகள் கடந்து உழைத்த சிங்கர் தையல் இயந்திரத்தின் கறுப்பு உடல் இவ்வகைப் பூச்சைப் பெற்றதுதான். ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' கார்கள் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டன. மலிவாகவும் உறுதியாகவும் இருந்த, நிலக்கீல் கலந்த இத்தகைய கறுப்புப் பூச்சுகளே அவற்றுக்குப் பயன்பட்டன. இழைப்புளியின் உட்புறத்தில் நாம் காண்பது, அந்தக் காலத் தொழிலுலகம் முழுவதும் அணிந்திருந்த ஒரு பொதுச் சீருடை என்றே சொல்லலாம்.

கலவையும் அதன் வேதியியலும்

உலோகத்துக்கான இப்பூச்சில் மூன்று பொருள்கள் அடிப்படையானவை. முதலாவது, இயற்கையாகக் கிடைக்கும் திண்மையான நிலக்கீல். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வெட்டியெடுக்கப்படும், 1880-களில் சாமுவேல் கில்சன் என்பவரால் சந்தைக்கு வந்து 'கில்சனைட்' என்று பெயர் பெற்ற கனிமம் இவ்வகையைச் சேர்ந்தது. கறுப்பு நிறத்தையும் நீர் புகாத தன்மையையும் தருவது இதுவே. இரண்டாவது, ஆளிவிதை எண்ணெய். காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கெட்டியான படலமாக மாறும் இயல்பு இந்த எண்ணெய்க்கு உண்டு. மூன்றாவது, டர்பன்டைன். நிலக்கீலைக் கரைத்துத் தூரிகையில் ஓடும்படி செய்துவிட்டு, ஆவியாகிப் போய்விடுவதோடு இதன் பணி முடிகிறது.

இக்கலவையைப் பூசி அப்படியே விட்டாலும் உலரும். ஆனால், வாரக்கணக்கில் பிசுபிசுப்பு நீங்காது. சூளையில் சுடும்போது எண்ணெயின் பின்னல் விரைவுபட்டு, நிலக்கீலும் அதனோடு இறுகி, நகத்தால் கீற முடியாத படலம் உருவாகிறது. எண்ணெய் கூடினால் படலம் வளைந்து கொடுக்கும், ஆனால் மெதுவாக இறுகும். குறைந்தால் விரைவில் இறுகும், ஆனால் எளிதில் நொறுங்கும். பழைய ஆலைகள் இந்தச் சமநிலையை அனுபவத்தால் கண்டறிந்திருந்தன.

நிலக்கீல் ஒளியாலும் இறுகக்கூடியது. பிரான்ஸின் நீசஃபோர் நியெப்ஸ், 1826 அல்லது 1827-ஆம் ஆண்டில் ஓர் உலோகத் தகட்டில் நிலக்கீலைப் பூசி, அதில் தம் சன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சியைப் பதிவு செய்தார். இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒளிப்படமாகக் கருதப்படும் அது, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஒளிப்படக் கலையின் முதல் தகட்டுக்கும் தச்சுப் பட்டறையின் கறுப்பு இழைப்புளிக்கும் மூலப்பொருள் ஒன்றே.

எங்கே தவறுகிறது?

நன்கு சுடப்பட்ட பூச்சு நூறாண்டு தாங்கும். அதற்குப் பகை மூன்று. முதலாவது, அடி. கீழே விழும்போதும் மற்றக் கருவிகளோடு மோதும்போதும் விளிம்புகளில் பூச்சு சில்லு சில்லாகப் பெயரும். இரண்டாவது, ஈரம். பெயர்ந்த இடத்தில் துரு தொடங்கி, நல்ல பூச்சின் அடியிலும் ஊர்ந்து சென்று அதைத் தூக்கிவிடும். துரு, தான் தோன்றிய இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைப்பதே இதற்குக் காரணம். மூன்றாவது, காரம். கடுமையான சோப்பு, சலவைச் சோடா ஆகியவை எண்ணெய்ப் படலத்தைச் சிதைத்து இளக்கிவிடும்.

ஆகவே, கையில் உள்ள கருவியை முதலில் கூர்ந்து பார்க்க வேண்டும். பூச்சு மெலிந்த இடங்களிலும் விளிம்புகளிலும் கறுப்புக்குப் பதில் ஆழ்ந்த பழுப்பு நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் ஆலையில் இடப்பட்ட நிலக்கீல் பூச்சு. மெல்லிய நிலக்கீல் இயல்பாகவே பழுப்பாகத்தான் தெரியும். மாறாக, திருகுகளின் தலைமீதும், கடைசல் பிடித்த பரப்புகளின் மீதும், துருவின் மீதும் பூச்சு வழிந்திருந்தால், பிற்காலத்தில் யாரோ அவசரத்தில் அடித்த பெயிண்ட் அது. முதலாவதைக் காக்க வேண்டும். இரண்டாவதை நீக்குவதில் இழப்பு ஏதுமில்லை.

உரித்தால் எது போகும்?

'கறுப்புதானே, திரும்பக் கறுப்பே அடித்துவிட்டால் போகிறது' என்று கேட்கலாம். போவது நிறம் மட்டுமன்று. ஸ்டான்லி இழைப்புளிகளின் வயதை அறிவதற்கு, அலகுத் தாங்கிக்குப் பின்னால் வார்ப்பிலேயே பதித்த எழுத்துகளைப் பார்ப்பார்கள். 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19 என்ற மூன்று காப்புரிமைத் தேதிகள் அங்கே இருந்தால், அக்கருவி 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்தது என்று கூறிவிடலாம். சுழலும் கம்பித் தூரிகையும் மணல் வீச்சும் இந்த நுண்ணிய எழுத்துகளின் விளிம்பை மழுக்கிவிடும். அதற்குமேல் தடித்த பெயிண்டும் அடித்துவிட்டால் அவை படிக்க முடியாதபடி நிரம்பிவிடும்.

தமிழ்நாட்டினருக்கு இந்த இழப்பு புதிதன்று. கோயில் சுவர்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் நீக்க மணல் வீச்சு முறையைக் கையாண்டதால் கல்வெட்டுகளும் சிற்பங்களின் நுட்பங்களும் தேய்ந்தன என்று வரலாற்று ஆர்வலர்கள் குரல் எழுப்பியதை நாம் அறிவோம். கோயிலையும் தச்சுக் கருவியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆயினும், விரைவாகத் தூய்மைப்படுத்தும் முறை அழுக்கையும் எழுத்தையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை என்ற உண்மை இரண்டுக்கும் பொதுவானது.

எனவே, ஒரு பொது விதியைக் கொள்ளலாம். பூச்சின் பெரும்பகுதி உறுதியாக ஒட்டியிருந்தால் உரிக்கக் கூடாது. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, மிகக் குறைந்த அளவு மென்சோப்பு கலந்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே நன்கு உலர்த்த வேண்டும். துரு தெரியும் இடங்களை மட்டும் நைசான எஃகு இழையால் மெல்லத் தேய்த்து, மெழுகு பூசி விட்டுவிடலாம். கருவியின் வேலைத்திறன் அலகின் கூர்மையாலும் அடித்தளத்தின் சமதளத்தாலும் அமைவதே தவிர, உட்புறப் பூச்சின் பளபளப்பால் அன்று. பூச்சில் பாதி போன இழைப்புளியும் தலைமுடியினும் மெல்லிய சீவலை எடுக்கும்.

உரிக்கத்தான் வேண்டும் என்றால்...

பூச்சு செதில் செதிலாகக் கழன்று, அதனடியில் துரு பரவியிருந்தால் முழுவதும் நீக்கிப் புதிதாகப் பூசுவது நியாயமே. அப்போது முதலில் கருவியை முழுமையாகக் கழற்ற வேண்டும். அலகு, அதன் மூடி, பித்தளைத் திருகு, மரக் கைப்பிடிகள் ஆகிய அனைத்தையும் தனியே எடுத்துவைக்க வேண்டும். பழைய ஸ்டான்லி இழைப்புளிகளின் கைப்பிடிகள் ஈட்டி வகை மரத்தால் ஆனவை. அவ்வகை மரங்களின் பன்னாட்டு வணிகம் இன்று கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது; கெடுத்துவிட்டால் அதே மரத்தில் மாற்றுக் கிடைப்பது அரிது.

உரிப்பதற்கு நான்கு வழிகள் வழக்கில் உள்ளன. நான்குக்கும் அதனதன் ஆபத்து உண்டு.

உப்புத்தாளாலும் சுரண்டியாலும் தேய்த்து எடுப்பது எளிய வழி. இதில் ஆபத்து, எழும் தூசி. அக்காலத்தில் எண்ணெய் விரைவில் உலர்வதற்காக ஈயச் சேர்மங்களைக் கலக்கும் வழக்கம் இருந்தது. பிற்காலத்தில் மேலே அடிக்கப்பட்ட பெயிண்டிலும் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்கா 1978-இல் வீடுகளுக்கான ஈயப் பெயிண்டைத் தடை செய்தது. இந்தியாவில், வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எந்தப் பூச்சையும் ஐயத்தோடுதான் அணுக வேண்டும். ஈயத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது மருத்துவ உலகின் முடிவு. ஆகவே, உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. நீர் தெளித்து, தகுந்த முகக்கவசம் அணிந்து, குழந்தைகள் புழங்காத இடத்தில் செய்து, கழிவை ஈரத்துணியால் துடைத்துச் சேகரிக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்குவது தூசியைப் பரப்பவே செய்யும்.

இரண்டாவது வழி, பெயிண்ட் நீக்கும் ரசாயனம். இவற்றுள் வேகமாக வேலை செய்தது டைகுளோரோமீத்தேன் கலந்த வகை. மூச்சுவழி உட்புகும் அதன் ஆவி, உடலில் கார்பன் மோனாக்சைடாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைத் தடுக்கிறது. மூடிய அறைகளில் இதைப் பயன்படுத்திய தொழிலாளர்கள் பலர் உயிரிழந்துள்ளனர். இதன் விளைவாக, பொதுமக்களுக்கான பெயிண்ட் நீக்கிகளில் இதை விற்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019-இல் தடை விதித்தது. புட்டியின் மேல்தாளில் இந்தப் பெயர் இருந்தால், வீட்டு வேலைக்கு அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

மூன்றாவது, காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைப்பது. எண்ணெய் சார்ந்த பழைய பூச்சை இது முழுமையாகக் கழற்றிவிடும், வார்ப்பிரும்பைத் தொடாது. ஆனால், தோலையும் கண்ணையும் அரித்துவிடும். ரப்பர் கையுறையும் கண் கவசமும் கட்டாயம். தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டுமே தவிர, சோடாவின் மீது தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் செய்யவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்து, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும்.

நான்காவது, மின்பகுப்பு. சலவைச் சோடா கலந்த நீரில் கருவியை அமிழ்த்தி, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைக் கருவியோடும், நேர்முனையைப் பயனற்ற இரும்புத் துண்டோடும் இணைப்பது இம்முறை. துருவும் இளகும், பூச்சும் கழன்றுவிடும். முனைகளை மாற்றி இணைத்துவிட்டால் கருவியே அரிக்கப்பட்டுவிடும். இதிலும் ஹைட்ரஜன் வெளிப்படுவதால் காற்றோட்டமான திறந்தவெளியில், நெருப்புக்கு அப்பால் செய்ய வேண்டும். நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்துவது பெருந்தவறு. அதிலுள்ள குரோமியம், புற்றுநோயை விளைவிக்கக்கூடிய சேர்மமாக நீரில் கலந்துவிடும். துருவை மட்டும் நீக்கலாம் என்று நினைத்து இந்த முறையில் இறங்கி, நல்ல நிலையிலிருந்த பூச்சையும் இழந்தவர்கள் பலர்.

திரும்பப் பூசுதல்

உரித்த வார்ப்பிரும்பைக் கழுவியதும் உடனே உலர்த்தியாக வேண்டும். ஈரம் நின்றால் கண்ணெதிரே செந்துரு படியும். பின்னர் எண்ணெய்ப் பசை இல்லாதபடி துடைத்து, பூச்சு படக் கூடாத இடங்களை மறைக்க வேண்டும். அலகுத் தாங்கி வந்து அமரும் கடைசல் பரப்பும், திருகு மரைகளும் இவற்றுள் முக்கியமானவை. அங்கே ஒரு மெல்லிய படலம் படிந்தாலும் தாங்கி சரியாக அமராது, அலகு அதிரும், மரத்தில் அலையலையாகத் தழும்பு விழும். பளபளப்புக்காகப் பூசிய பூச்சு வேலையைக் கெடுத்ததாகிவிடும்.

பழைய முறையையே பின்பற்ற விரும்புவோர், நிலக்கீல் தூளை டர்பன்டைனில் ஊறவைத்துக் கரைத்து, வடிகட்டி, ஆளிவிதை எண்ணெயைச் சேர்த்துக் கலவை தயாரிக்கிறார்கள். தூரிகையால் ஒருமுறை பூசிவிட்டு அது தானாகப் பரவிச் சமனாகும்படி விட்டுவிட வேண்டும். திரும்பத் திரும்பத் தடவினால் கோடுகள் விழும். டர்பன்டைன் முழுவதும் ஆவியாகும்வரை ஓரிரு நாள்கள் உலரவிட வேண்டும். பிறகு மின்சூளையில் படிப்படியாகச் சூடேற்றுவது வழக்கம்: முதலில் சுமார் 100 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், பின்னர் 150, இறுதியாக 200. உடனே உச்ச வெப்பத்துக்குக் கொண்டுபோனால் மேற்பரப்பு முந்தி இறுகி, உள்ளே சிக்கிய ஆவி கொப்புளமாகக் கிளம்பும். சுட்டு முடிந்ததும் கருவியைச் சூளைக்குள்ளேயே ஆறவிட வேண்டும். வார்ப்பிரும்பு நொறுங்கும் இயல்புடையது. திடீர்க் குளிர்ச்சியைத் தாங்காது. அலகை எக்காரணம் கொண்டும் சூளையில் வைக்கக் கூடாது. அதன் எஃகில் ஏற்றப்பட்ட கடினத்தன்மை வெப்பத்தால் தளர்ந்துவிடும்.

சமையலுக்குப் பயன்படுத்தும் அடுப்பில் இதைச் செய்யலாமா என்று கேட்போர் உண்டு. செய்யக் கூடாது. நிலக்கீல் புகை உணவோடு சேரத்தக்கதன்று. டர்பன்டைன் ஆவியோ ஏறத்தாழ 35 டிகிரியிலேயே தீப்பற்றும் நிலையை அடைந்துவிடும். முழுதும் உலராத பூச்சைச் சூடேற்றுவது விபத்தை அழைத்து வருவதற்குச் சமம்.

இதைவிடவும் கவனிக்கத் தவறும் ஆபத்து ஒன்று உண்டு. அது வேலை முடிந்து மூலையில் எறிந்த துணி. ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனை ஏற்கும்போது வெப்பம் பிறக்கிறது. எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிக் கூடிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், 'ஒன் மெரிடியன் பிளாசா' என்ற 38 மாடிக் கட்டடத்தில் மூண்ட பெருந்தீக்கு, மர வேலைக்குப் பயன்படுத்திப் போட்டுச் சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே காரணம். தீயணைப்பு வீரர்கள் மூவர் அதில் உயிரிழந்தனர். பயன்படுத்திய துணியைத் திறந்தவெளியில் விரித்து உலர்த்த வேண்டும். அல்லது நீர் நிரப்பி மூடிய உலோக டப்பாவில் இட வேண்டும். இந்த ஒரு பழக்கத்துக்கு ஆகும் செலவு ஏதுமில்லை.

சூளை வசதி இல்லாதோர், இன்றைய கறுப்பு எனாமல் பெயிண்டை மெல்லிய அடுக்குகளாகப் பூசலாம். வாகன எஞ்சின்களுக்கான வெப்பந்தாங்கும் பெயிண்டும் இதற்குப் பயன்படுகிறது. துருவைத் தடுக்கும் பணியை இவை நன்றாகவே செய்யும். பழைய பூச்சின் ஆழமும் பழுப்புச் சாயலும் இவற்றில் வராது. அதில் குறை காண ஒன்றுமில்லை. குறை எழுவது, புதிய பூச்சைப் பழையது என்று சொல்லி விற்கும்போதுதான்.

நேர்மையே சீரமைப்பு

பழைய கருவிகளைச் சேகரிப்போரிடையே, ஆலையில் இட்ட பூச்சு எந்த அளவுக்கு எஞ்சியுள்ளது என்பதைப் பொறுத்தே விலை அமைகிறது. அதனால், உரித்துப் பூசிய கருவியை 'அசல் பூச்சு' என்று கூறி விற்கும் ஆசை எழுவது இயல்பு. தொல்சின்னங்களைக் காப்பதற்கான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், சிதைந்த பகுதிக்கு மாற்றாகச் சேர்ப்பது முழுமையோடு இசைந்திருக்க வேண்டும். அதே நேரத்தில், மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பெரும் கட்டடங்களுக்காக எழுதப்பட்ட அந்த நெறி ஒரு தச்சுக் கருவிக்கும் பொருந்தும். 'இன்ன ஆண்டில் பழைய பூச்சு நீக்கப்பட்டு, இன்ன கலவை பூசப்பட்டது' என்று ஒரு சிறு தாளில் எழுதிக் கருவியோடு வைத்தால், அடுத்து வருபவர் ஏமாற மாட்டார். ஈயமோ வேறு நச்சோ அதில் உண்டா என்பதையும் அவர் ஊகிக்க வேண்டியிருக்காது.

தூக்கி எறிந்து புதிது வாங்கும் பழக்கம் பெருகிவிட்ட காலம் இது. நூறாண்டு பழைய கருவியைச் சீர்செய்து, மேலும் நூறாண்டு உழைக்க வைப்பது போற்றத்தக்க செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால், எதைத் தொட வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்ற தெளிவே சீரமைப்பின் முதல் படி. பூச்சை எந்த நாளிலும் உரித்துவிடலாம். உரித்த பூச்சைத் திரும்ப ஒட்டவைக்க ஒருவராலும் இயலாது. கம்பித் தூரிகையை எடுப்பதற்கு முன்பு கருவியை ஒருநாள் மேசைமேல் வைத்துப் பார்ப்பது நல்லது. உதிர்ந்தது எது, உறுதியாக நிற்பது எது என்று அதுவே காட்டிவிடும்.